நாவற்கொட்டையும் மைட்டோகாண்ட்ரியாவும்

ஆடி பிறந்துவிட்டால் மதுரையிலிருந்து அழகர்கோயில் போகும் சாலையோரத்தில் நாவல்பழக் கூடைகள் வந்துவிடும். பழமுதிர்சோலையில் முருகன் மாடு மேய்க்கும் சிறுவனாக நாவல் மரத்தில் ஏறி அமர்ந்து ஔவைக்குப் பழம் உலுக்கிப் போட்ட கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் என்பதால், இந்தப் பக்கத்தில் அந்தப் பழத்துக்கு எப்போதுமே ஒரு தனி மரியாதை உண்டு. பழத்தைத் தின்றபின் கொட்டையை எறிந்துவிடாமல் கழுவி, வெயிலில் காயவைத்து, இடித்துச் சலித்து டப்பாவில் போட்டுவைக்கும் வீடுகள் பல. கேட்டால் சுகருக்கு நல்லது என்பார்கள். அண்மைக் காலமாக நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் பொட்டலங்களின் மேல் இன்னொரு வாசகமும் சேர்ந்துகொண்டிருக்கிறது: ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைந்தது, செல்களைப் பாதுகாக்கும். ஆக்சிஜனேற்றத்தால் செல்லுக்கு வரும் சேதத்தைத் தடுக்கும் பொருளைத்தான் ஆன்டி ஆக்ஸிடன்ட் என்கிறார்கள்.

நான் உயிர்வேதியியல் கற்பிப்பவன். ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் மனித இரத்த நாளச் செல்களைக் குளுக்கோஸ் மிகுந்த திரவத்தில் வளர்த்து, அவை எப்படிச் சேதமடைகின்றன, எந்தப் பொருளைச் சேர்த்தால் அந்தச் சேதம் குறைகிறது என்று பார்ப்பதே என் வேலையாக இருந்தது. ஆகவே அந்தப் பொட்டலத்து வாசகத்தைப் படிக்கும்போது, அதற்குப் பின்னால் இருக்கும் உண்மையும் தெரிகிறது, அந்த உண்மை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதும் தெரிகிறது. சர்க்கரை நோய் இல்லாத வீடே இல்லை என்று சொல்லத்தக்க நிலைக்கு நாம் வந்துவிட்டபடியால், இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

சர்க்கரை கூடினால் உடம்பின் எல்லாச் செல்களும் ஒரே அளவில் கெடுவதில்லை. பெரும்பாலான செல்கள், வெளியே குளுக்கோஸ் அதிகமாக இருக்கும்போது அதை உள்ளே கொண்டுவரும் வழிகளைக் குறைத்துக்கொண்டு தம்மைக் காத்துக்கொள்கின்றன. விழித்திரையின் நுண்ணிய இரத்த நாளங்களை உள்ளே போர்த்தியிருக்கும் செல்களுக்கும், சிறுநீரக வடிகட்டியில் உள்ள மெசாஞ்சியல் செல்களுக்கும், பாதம் வரை ஓடும் நரம்புகளைச் சார்ந்த செல்களுக்கும் அந்தத் திறமை போதுமான அளவு இல்லை. இரத்தத்தில் எவ்வளவு குளுக்கோஸ் இருக்கிறதோ ஏறத்தாழ அதே அளவு அவற்றின் உள்ளேயும் ஏறிவிடுகிறது. இன்சுலின் வந்து அனுமதி தரவேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்குக் கண், சிறுநீரகம், கால் என்று குறிப்பிட்ட உறுப்புகளில் பாதிப்பு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உள்ளே ஏறிய குளுக்கோஸ் என்ன செய்கிறது என்பதற்கு நியூயார்க்கைச் சேர்ந்த மைக்கேல் பிரௌன்லீயும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் தொடங்கி ஒரு விளக்கம் தந்தார்கள். செல் குளுக்கோஸைப் படிப்படியாக உடைத்து, அதிலிருந்து வரும் எலக்ட்ரான்களை, செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் உள்ள புரதத் தொடருக்குக் கொடுக்கிறது. தேவைக்கு மேல் எலக்ட்ரான்கள் வந்து குவியும்போது தொடரின் நடுவிலேயே அவை தேங்கி, வழியில் கிடைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறின் மேல் ஏறிக்கொள்கின்றன. அப்படி உருவாவதுதான் சூப்பராக்சைடு. அது டிஎன்ஏ இழைகளில் முறிவுகளை உண்டாக்குகிறது; முறிவைச் சரிசெய்ய ஓடிவரும் ஒரு நொதி, குளுக்கோஸ் உடையும் பாதையின் நடுவில் உள்ள ஜிஏபிடிஎச் என்னும் இன்னொரு நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. வரத்துக் கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்போது கண்மாயின் மடையை அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர் விவசாயியிடம் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் மறுகால் பாய்ந்து, போகக்கூடாத வயல்களுக்குள் எல்லாம் போகும். அடைபட்ட இடத்துக்கு மேலே தேங்கிய சர்க்கரைப் பொருள்களும் அவ்வாறே நான்கு பக்கப் பாதைகளில் வழிகின்றன. ஒன்றில் சார்பிட்டால் உண்டாகிறது. இன்னொன்றில் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைக்கச் செய்யும் பொருள்கள் உண்டாகின்றன. மூன்றாவது, இரத்த நாளத்தைக் கசியவும் சுருங்கவும் வைக்கும் புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியைக் கிளப்பிவிடுகிறது. நான்காவதான ஹெக்சோசமைன் பாதை, மரபணுக்கள் எவை இயங்கவேண்டும் என்பதையே மாற்றுகிறது. அதற்கு முன்பு இந்த நான்கும் நான்கு தனி ஆய்வாளர் கூட்டங்களின் தனித்தனிக் கொள்கைகளாக இருந்தன. நான்குக்கும் ஒரே ஊற்று இருக்கலாம் என்று காட்டியதுதான் பிரௌன்லீயின் பெரிய பங்களிப்பு.

இந்தப் படம் முழுமையானது என்று நான் சொல்லமாட்டேன். 2013இல் கலிஃபோர்னியாவில் குமார் சர்மாவின் குழு, சர்க்கரை நோயுள்ள எலிகளின் சிறுநீரகத்தில் சூப்பராக்சைடு கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது என்றும், மைட்டோகாண்ட்ரியாவின் இயக்கமே தளர்ந்துபோவதுதான் அங்கே சிக்கல் என்றும் காட்டியது. எந்த உறுப்பு, நோயின் எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. சூப்பராக்சைடு போன்றவை செய்யும் ஆக்சிஜனேற்றச் சேதம் என்பதை ஒரே அழுக்கு போலவும், ஆன்டி ஆக்ஸிடன்ட் என்பதை அதைத் துடைக்கும் ஒரே துணி போலவும் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கவேண்டும்.

செல்லுக்குச் சொந்தப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும் நொதியை ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் 1969இல் அறிவித்தார்கள். அந்தப் பெராக்சைடை நீராக மாற்றுவதற்குக் கேட்டலேஸ் என்ற நொதியும், செல்லே தயாரிக்கும் பாதுகாப்புப் பொருளான குளுட்டாத்தியோனை நம்பியிருக்கும் நொதிகளும் இருக்கின்றன. ஒருமுறை பயன்பட்ட குளுட்டாத்தியோனைத் திரும்பப் புதுப்பிக்க என்ஏடிபிஎச் என்ற பொருள் வேண்டும். சார்பிட்டால் உண்டாகும் பாதையும் அதே என்ஏடிபிஎச்சைத்தான் செலவழிக்கிறது. சர்க்கரை மிகும்போது சேதப்படுத்தும் பொருளும் கூடுகிறது, அதைச் சமாளிக்கும் கையிருப்பும் அதே நேரத்தில் கரைகிறது. எத்தனையோ ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவந்தாலும், இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு இன்றும் மனம் கனத்துப்போகிறது.

ஆய்வகத்தில் இதை எப்படிப் பார்க்கிறோம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மனித இரத்த நாளச் செல்லுக்கு எளிதாகக் கிடைக்கும் மூலம் தொப்புள்கொடி. பிரசவத்துக்குப்பின் தாயின் ஒப்புதலோடு பெறப்படும் கொடியில் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் இருக்கும். சிரைதான் பெரியது, சுவர் தளர்ந்து வாய் அகன்று தெரியும். அதற்குள் மழுங்கிய ஊசியைச் செலுத்திக் கட்டி, உள்ளேயிருக்கும் இரத்தத்தை உப்புக் கரைசலால் கழுவி வெளியேற்றிவிட்டு, கொலாஜினேஸ் நொதியை நிரப்பிச் சில நிமிடங்கள் இளஞ்சூட்டில் வைப்போம். பிறகு கொடியை விரல்களால் மெதுவாக நீவிவிட்டுக் கழுவினால் உட்சுவர்ச் செல்கள் கொத்துக் கொத்தாகப் பெயர்ந்து வரும். 1973இல் எரிக் ஜாஃபியும் அவருடைய குழுவினரும் வகுத்துத் தந்த முறை இது. இளஞ்சிவப்புத் திரவத்தில் 37 டிகிரி வெப்பத்தில் வைத்தால் அவை தட்டின் அடியில் ஒட்டி, கூழாங்கல் பாவிய தரை போலச் செறிந்து வளரும். ஒரு தட்டில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். இன்னொன்றில் 450 அல்லது 540. மூன்றாவது தட்டில் குளுக்கோஸுக்குப் பதிலாக அதே அடர்த்திக்கு மன்னிட்டால் என்ற வேறொரு சர்க்கரைப் பொருளைச் சேர்த்திருப்போம். செல் கெட்டது குளுக்கோஸாலா, திரவம் கெட்டியானதாலா என்ற ஐயத்தைத் தீர்ப்பதற்கு அது தேவை. மன்னிட்டால் தட்டு இல்லாத ஆய்வைக் கண்டால் நான் மேலே படிப்பதில்லை.

பிறகு ஒரு சாயத்தைச் சேர்ப்போம். ஆக்சிஜனேற்றம் நடந்தால் அது பச்சையாக ஒளிரும். இருட்டறையில் நுண்ணோக்கி வழியே பார்க்கும்போது சாதாரணத் தட்டு மங்கலாகவும், சர்க்கரை மிகுந்த தட்டு பளிச்சென்றும் தெரியும். நாவற்கொட்டைச் சாறு, மஞ்சளின் குர்குமின், தேயிலைப் பொருள்கள் என்று ஏதாவது ஒன்றை முன்கூட்டியே சேர்த்திருந்தால் அந்தப் பச்சை குறையும், செல்களும் அதிகமாகப் பிழைக்கும். இது பொய்யில்லை. தட்டுக்குள் இந்தப் பாதுகாப்பு நிஜமாகவே நடக்கிறது, உலகம் முழுவதும் பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

தட்டுக்குள் நடப்பதற்கும் காரணங்கள் பலவாக இருக்கலாம். தாவரச் சாறுகளுக்குச் சொந்த நிறம் உண்டு. அந்த நிறம் சாயத்தின் ஒளியை விழுங்கிவிட்டால், செல் காப்பாற்றப்படாமலேயே காப்பாற்றப்பட்டது போலத் தோன்றும். பேரி ஹாலிவெல்லும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் இன்னொன்றைக் காட்டினார்கள். தேயிலையில் உள்ள பாலிபீனால் என்னும் தாவரப் பொருள்களை வளர்ப்புத் திரவத்தில் போட்டவுடன் அவை தாமே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகின்றன. அந்தச் சிறு தாக்குதலைக் கண்டு செல் தன் பாதுகாப்பு நொதிகளைக் கூட்டிக்கொள்ளக்கூடும். அப்படியானால் நாம் சேர்த்த பொருள் காத்தது என்பதைவிட, அது கொடுத்த தொந்தரவுக்குச் செல்லே தன்னைக் காத்துக்கொண்டது என்பதுதான் சரி.

தட்டிலிருந்து உடம்புக்கு வரும்போது தூரம் மிகப் பெரிதாகிவிடுகிறது. தட்டில் சாறு செல்லின் மேல் நேரடியாக விழுகிறது. வாயில் போட்ட பொடியோ குடலைக் கடக்கவேண்டும், கல்லீரலைக் கடக்கவேண்டும். நாவற்கொட்டையில் உள்ள எல்லாஜிக் அமிலத்தில் மிகச் சிறு பகுதிதான் அப்படியே உறிஞ்சப்படுகிறது. மீதியைக் குடல் பாக்டீரியாக்கள் யூரோலித்தின் என்ற வேறு பொருளாக மாற்றுகின்றன, அதுவும் எல்லார் குடலிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. குர்குமினின் நிலை இன்னும் மோசம். தட்டில் நாம் பயன்படுத்தும் செறிவை, சமையலில் சேர்க்கும் மஞ்சளால் இரத்தத்தில் எட்டவே முடியாது. நாவல் இலைத் தேநீரைப் பிரேசிலில் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு மாத்திரை சர்க்கரையைக் குறைத்தது, தேநீர் குறைக்கவில்லை. கொட்டை வேறு, இலை வேறு என்பது சரிதான். கொட்டையை ஆதரிக்க விரும்புகிறவர்கள் அதே தரத்தில் கொட்டையையும் சோதித்துக் காட்டவேண்டும் என்பதுதான் என் பக்கம்.

சரி, உடம்புக்குள் நன்றாகவே போய்ச் சேரும் ஆன்டி ஆக்ஸிடன்டைக் கொடுத்தால்? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். இதய நோய் ஆபத்து மிகுந்த 9,541 பேருக்கு நடந்த ஹோப் ஆய்வில், தினமும் 400 யூனிட் வைட்டமின் இ கொடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. முடிவு 2000ஆம் ஆண்டில் வந்தது. பிரிட்டனில் 20,536 பேரை வைத்து நடந்து 2002இல் வெளியான ஆய்வில் வைட்டமின் இ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்து ஐந்து ஆண்டுகள் கொடுத்தார்கள். இரத்தத்தில் அந்த வைட்டமின்களின் அளவு நன்றாகவே ஏறியது, ஆனால் நோய் குறையவில்லை. சர்க்கரை நோயாளிகள் ஆயிரக்கணக்கில் இந்த இரண்டு ஆய்வுகளிலும் இருந்தார்கள். ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவின் குழு 2009இல் கண்டது இதைவிட எச்சரிக்கை தருவது: உடற்பயிற்சி செய்த இளைஞர்களில், வைட்டமின் சி, இ மாத்திரைகளை விழுங்கியவர்களுக்குப் பயிற்சியால் கிடைக்கவேண்டிய இன்சுலின் உணர்திறன் கூடவில்லை. பயிற்சியின்போது தசையில் உண்டாகும் சிறிதளவு ஆக்சிஜனேற்றமே, உன் பாதுகாப்பைப் பலப்படுத்திக்கொள் என்று செல்லுக்குச் சொல்லும் சமிக்ஞை. அதை அணைத்துவிட்டால் செல்லுக்குச் சேதி போவதில்லை.

செல்லின் சொந்தப் பாதுகாப்பையே மருந்தால் தூண்டிவிட முடியாதா என்ற கேள்வியும் எழுந்தது. என்ஆர்எஃப்2 என்பது பாதுகாப்பு நொதிகளின் மரபணுக்களை இயக்கும் புரதம். அதைத் தூண்டும் பார்டாக்சலோன் என்ற மருந்தை, சர்க்கரை நோயால் சிறுநீரகம் மிகவும் பழுதுபட்ட 2,185 பேரிடம் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் இதயச் செயலிழப்பு அதிகமாக வந்ததால் 2012 அக்டோபரில் ஆய்வையே நிறுத்தவேண்டியதாயிற்று. நல்ல கொள்கை, கவனமான ஆய்வாளர்கள், தட்டிலும் விலங்கிலும் நல்ல முடிவுகள் எல்லாம் இருந்தும் அப்படி நேர்ந்தது. இத்தகைய சோதனை எதற்கும் உட்படாத ஒரு பொட்டலத்தின் மேல் செல்களைப் பாதுகாக்கும் என்று துணிந்து அச்சடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேலூரில் இருக்கும் என் அக்கா சில ஆண்டுகளுக்கு முன் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு நாவற்கொட்டைப் பொடியை மோரில் கலந்து குடிக்க ஆரம்பித்தார். "பொடி ரத்தத்தைச் சுத்தம் பண்ணுதாம்டா தம்பி. மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்துரும்னு சொல்றாங்க" என்றார். பக்கத்து வீட்டில் சொன்னார்கள், வாட்ஸ்அப்பிலும் வந்தது. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே மிகவும் பழுதாகியிருந்தால் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும், அவ்வளவுதான். "பொடியைச் சாப்பிடுக்கா, நான் வேணாம்னு சொல்லல. மாத்திரையை மட்டும் நிறுத்தாத, டாக்டர்கிட்ட பொடி சாப்பிடுறதையும் சொல்லிரு" என்று கேட்டுக்கொண்டேன். அதற்குள் வெறும் வயிற்றிலேயே சர்க்கரை 200ஐத் தாண்டியிருந்தது.

கண்ணைப் பார்த்துவிடலாம் என்று அழைத்துப் போனேன். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் மதுரை. கண் முகாமுக்குப் போகாத கிராமம் சுற்றுவட்டாரத்தில் குறைவு. ஆனாலும் சர்க்கரை நோய்க்காகக் கண்ணைப் பார்க்கவேண்டும் என்பது பலருக்கும் பார்வை மங்கிய பிறகுதான் தோன்றுகிறது. அக்காவுக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை, செய்தித்தாளைக் கண்ணாடியோடு தெளிவாகப் படிப்பார். சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரிந்தபின் எடுத்த விழித்திரைப் படத்தில், ஆரஞ்சு நிறப் பரப்பின் மேல் ஊசிமுனை அளவில் சில சிவப்புப் புள்ளிகள் இருந்தன. நுண்நாளங்களின் சுவரைத் தாங்கிப்பிடிக்கும் பெரிசைட் என்ற செல்கள் செத்துப்போன இடத்தில் சுவர் புடைத்துக்கொள்வதால் வருபவை அவை. தட்டில் பச்சையாக ஒளிர்ந்து நான் பார்த்த சேதம், என் அக்காவின் கண்ணுக்குள் சிவப்புப் புள்ளிகளாக இருந்தது. அவருக்கு வலி இல்லை, அறிகுறி இல்லை, எந்த எச்சரிக்கையும் இல்லை.

இந்த நோயில் நான் மிக முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. செல்கள் தாங்கள் பட்டதை நினைவில் வைத்துக்கொள்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள 1,441 பேரிடம் நடந்து 1993இல் முடிவு வெளியான டிசிசிடி ஆய்வில், ஒரு பிரிவினர் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியை ஏறத்தாழ 7ஆகவும் மற்றப் பிரிவினர் 9ஆகவும் வைத்திருந்தார்கள். ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினரின் அளவும் 8ஐ ஒட்டி ஒன்றாகிவிட்டது. ஆனால் தொடக்கத்தில் கட்டுப்பாடாக இருந்தவர்களின் கண்ணும் சிறுநீரகமும் அதன்பிறகும் பல ஆண்டுகள் மற்றவர்களுடையதைவிட நன்றாக இருந்தன. இரண்டாம் வகை நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வின் தொடர்ச்சியிலும் 2008இல் இதே போன்ற முடிவு கிடைத்தது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் அசாம் எல்-ஓஸ்தாவும் உடன் ஆய்வாளர்களும் தட்டிலேயே இதைக் காட்டினார்கள். இரத்த நாளச் செல்களை 16 மணி நேரம் மட்டும் அதிகக் குளுக்கோஸில் வைத்துவிட்டுப் பிறகு சாதாரணத் திரவத்துக்கு மாற்றியும், அழற்சி சார்ந்த ஒரு மரபணுவின் மேல் ஏறிய வேதி அடையாளம் ஆறு நாள்கள் வரை அழியவில்லை. இந்த அடையாளம் ஏறாமல் தடுப்பதுதான் செல்லைக் காப்பது என்றால், அதற்கான காலம் நோயின் தொடக்கமும் அதற்கு முந்தைய ஆண்டுகளுமே.

ஏற்ற இறக்கமும் ஒரு பொருட்டு. இத்தாலியில் அன்டோனியோ செரியெல்லோவின் குழு, தொடர்ந்து அதிகக் குளுக்கோஸில் இருந்த செல்களைவிட, அதிகமும் குறைவுமாக மாறி மாறி வைக்கப்பட்ட செல்களே கூடுதலாகச் செத்ததைக் கண்டது. சாப்பாட்டுக்குப்பின் ஏறும் உச்சத்தைக் குறைப்பது அதனால்தான் பயனுள்ளது. இரவு பதினொரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பது இந்த நகரத்தில் பலருக்குப் பழக்கம். படுத்த தசை குளுக்கோஸை எடுப்பதற்கு இன்சுலினைத்தான் நம்பியிருக்கவேண்டும். நடக்கும் தசையோ இன்சுலினின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டபின் கால் மணி நேரம் தெருவில் நடப்பது எந்த ஆன்டி ஆக்ஸிடன்டும் செய்யாத ஒன்றைச் செய்கிறது: கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குளுக்கோஸின் வரத்தையே அது குறைக்கிறது. மெட்ஃபார்மினும் இன்சுலினும் செய்வது, தத்தம் வழியில், அதைத்தான்.

அக்கா இப்போது மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார், பொடியும் விடவில்லை. எனக்கு இப்போது கவலை அவருடைய மகனைப் பற்றி. முப்பத்தைந்து வயது, மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு அலுவலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்த வேலை. சென்ற மாதம் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, இந்த முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரனின் குழு இத்தகைய நிலையில் இருந்த 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியதால் மட்டுமே நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது, மெட்ஃபார்மின் 26.4 விழுக்காடு குறைத்தது. நம் ஊர் உடம்பு, நம் ஊர்ச் சாப்பாடு ஆகியவற்றின் மேல் நடந்த சோதனை என்பதால், எங்கோ நடந்த பெரிய ஆய்வுகளைவிட நான் அவனுக்கு இதைத்தான் எடுத்துச் சொன்னேன்.

முதலில் அவனும் பொடியைத்தான் கேட்டான். விழித்திரைப் படம் எடுத்துப் பார்த்தோம், ஒரு புள்ளியும் இல்லை. இரவுச் சாப்பாட்டை எட்டரை மணிக்கு மாற்றிக்கொண்டு, முடித்தபின் மனைவியோடு நடக்கப் போகிறான். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால் அதற்குமுன் மாற்றம் முழுமையாகத் தெரியாது. அடுத்த சோதனைக்குக் கார்த்திகையில் போகச் சொல்லியிருக்கிறேன்.